நாளைக்கு வேற டாக்டர்

— வேற டாக்டரா? நாளைக்கு ஆபரேஷன வச்சிக்கிட்டு இப்ப வந்து சொல்றீங்களே, பூவராகன் சார்.

— பாண்டியிலேருந்து ராஜமாணிக்கம் வர்றாரு, தைலம்மா. என்கூடப் படிச்சவரு. நெஞ்சு ஆபரேஷன்ல என்னைவிட அனுபவம் ஜாஸ்தி.

— இருக்கட்டும். எங்க வூட்டுக்காரருக்கு அவர யாருன்னே தெரியாதே. சுனாமியில வெலா எலும்பு நொறுங்கிக் கெடந்தவர நீங்கதான பொழைக்க வச்சீங்க. ஒங்க கையின்னா கண்ண மூடிக்கிட்டுப் படுத்துக்குவேன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கறாரு.

— உத்திராபதிகிட்ட நீதாம்மா சொல்லணும். நெஞ்சுக்குள்ள சீழ் கட்டி நுரையீரல அமுக்குது. குழாய் வச்சும் வடியல. தொறந்து சுத்தம் பண்ணியே ஆவணும். தள்ளிப்போட்டா ஆள் தாங்காது.

— அதத்தான் நானும் சொல்றேன். நீங்க பண்ணுங்க.

— ஒரு கொறையும் வராது. காலையில மொத ஆபரேஷனே அவருக்குத்தான். தேவையான ஆளுங்களத் தவிர யாரும் உள்ள வரமாட்டாங்க. கிருமி போவாத மாஸ்க் போட்டுக்குவாங்க. அவருக்கு மூச்சு குடுக்கற மெஷின் குழாயக்கூட வெளிக்காத்து கலக்காமத்தான் மாட்டுவாங்க.

— இதெல்லாம் பன்னிக்காய்ச்சலுக்குத்தான? அது அவருக்கு இல்லன்னு டெஸ்ட்டு வந்துடுச்சாமே. நர்ஸம்மா சொல்லிச்சி.

— இல்லதான்.

— அப்பறம் என்னாத்துக்கு ரெண்டு நாளா உள்ளயே வராம இருந்தீங்க? இப்பகூட ஜன்னலுக்கு வெளிய நின்னுதான பேசறீங்க. கடலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில, இவரு இருமுனதுமே கேட்டுக்கு வெளிய நிக்க வச்சிட்டாங்க. நீங்க அப்படி இல்லன்னுதான் தேவனாம்பட்டினத்துலேருந்து சிதம்பரத்துக்குத் தூக்கியாந்தோம். நீங்களும் பயந்துட்டீங்க.

— பயம்தான்.

— வாய்விட்டுச் சொல்லிட்டீங்க. சரி. நான் கையெழுத்துப் போட மாட்டேன். வண்டி புடிச்சி வூட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போயிடறேன். போற உசுரு அங்கயே போவட்டும்.

— தைலம்மா, அவருக்குப் பாதி நுரையீரல்தான் வேல செய்யுது. ஒரு சின்னக் காய்ச்சல் ஒட்டுனாகூட எந்திரிக்க மாட்டாரு.

— யாருகிட்டேருந்து சார் ஒட்டும்? எனக்கு ஒண்ணும் இல்ல. நர்ஸம்மா நல்லாத்தான் இருக்குது. இருங்க, அங்க வர்றேன். மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.

— அங்கயே நில்லும்மா. கிட்ட வராத. எனக்கு எடுத்த டெஸ்ட்டும் இன்னிக்கித்தான் வந்துச்சி. அவருக்கு இல்ல, காய்ச்சல் எனக்கு.