கடித்த பல்லும் கன்னத்துச் சிரிப்பும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, என் முகத்தைத் திறந்து மூடிய அறுவை மருத்துவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, கதவோரம் பார்த்து உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

முன்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, வாத்தியார் சுருக்கமாகப் பேசியதாக வரலாறு இல்லை.

எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. பகை காத்துப் பழக்கம். பல்லாண்டுப் பகையையும் தூசி படாமல் வைத்திருப்பேன். அப்படிப்பட்டவன் இன்று நன்றி சொல்ல நிற்கிறேன்.

ஒரு கட்டியை எடுத்தபோது இடக்கன்னத்து நரம்பும் போயிற்று. பாதி முகம் உறங்கியது. குடித்த தண்ணீர் வாயோரம் வழிந்தது. நான் பாடம் நடத்தினால் பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். மருத்துவர் என் தொடைத் தசையில் ஒரு துண்டெடுத்துக் கன்னத்தில் நட்டார். கடிக்கும் நரம்பின் கிளையை அதில் இணைத்தார். இனிப் பல்லைக் கடித்தால் உதடு சிரிக்கும் என்றார்.

தசை வந்தது, உயிர் வந்ததா? தசையைத் தூண்ட மின்சாரம் கொடுங்கள் என்று நச்சரித்தேன். பிசியோதெரபி அம்மா அசையவில்லை.

"நரம்பு இன்னும் வந்து சேரலை சார். ஆளில்லாத வீட்டு வாசல்ல மணி அடிச்சு என்ன பண்றது?"

மாதங்கள் கழித்து நரம்பு வந்தது. கன்னத்தில் மின்சாரம் பாய்ச்சும் ஒட்டுப் பட்டைகள், அந்த அம்மா கையில் சுவிட்ச். நான் கடிக்கும் அதே கணத்தில் மின்சாரம் பாய வேண்டும். முந்தினாலும் மூளை கற்காது, பிந்தினாலும் கற்காது. நானோ படித்தவன், யோசித்து யோசித்துக் கடித்தேன். வாரங்கள் வீணாயின.

"இப்படியே போனா தசை மெலிஞ்சிடும் சார். யாரை நினைச்சா உங்களுக்குப் பல்லு தானா கடிபடும்?"

"என் மைத்துனனை."

நான் தலைமையாசிரியர் ஆகவிருந்த நேரத்தில், தேர்வுக் குழுவிடம் போய் 'அவர் கோபக்காரர்' என்று சொன்ன புண்ணியவான்.

"வெளியில உட்கார்ந்திருக்கிறவரா? உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தேன்னாரே."

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் போலும்.

அந்த அம்மா அவனை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தது.

"என்ன மச்சான், இன்னும் முடியலியா?"

பல் கடிபட்டது. சுவிட்ச் தட்டியது. கன்னம் ஏறியது.

மைத்துனன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மச்சான்... என்னைப் பார்த்தா சிரிச்சீங்க?"

அவன் கண் கலங்கியது. என்ன சொல்வேன்? அது சிரிப்பல்ல, ஆத்திரம் என்றா? அந்த முகத்திடம் அதைச் சொல்ல எந்த வாத்தியாருக்கு வாய் வரும்?

"இன்னொரு தடவை சார்" என்றார் அந்த அம்மா.

கடித்தேன். மயிரிழை அளவு ஏறியது. திரும்பிப் பார்த்தால், அவர் சுவிட்சை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்கிறார். மின்சாரம் இல்லை. அவையோரே, அந்த முறை என்னிடம் ஆத்திரமும் இல்லை.

பதவி விஷயத்தை இன்னும் மன்னிக்கவில்லை. அது தனிக் கணக்கு. ஆனால் கன்னத்தில் தசை நட்ட மருத்துவருக்கு நன்றி. பொறுக்கச் சொல்லி, கணம் பார்த்துத் தட்டிய அந்த அம்மாவின் கைக்கு நன்றி. மூன்றாம் வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் என் மைத்துனருக்கு நன்றி. இத்தனை நாள் பாதி முகத்தால் உங்களைப் பார்த்தேன். இன்று முழு முகத்தோடு கும்பிடுகிறேன்.