மஞ்சளாகிப் போன மீன்

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் வீட்டுக்குள் வந்து என் கட்டில் கால்கூட ஊறிப் போனதே, அதற்கு மறு வாரம். உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒருவர் பூக்காரம்மாவிடம் பேசிக்கொண்டு வந்தார்.

“எங்க வூட்டு மீனுக்கு மஞ்சக்காமாலைன்னு நெனச்சேங்க்கா.”

“கீழாநெல்லி அரைச்சிக் குடுத்தியா?”

“சிரிக்காதக்கா. எம் பொண்ணு கண்ணாடித் தொட்டியில வளத்த குட்டி மீனு. பொட்ட மீனு திடீர்னு மஞ்சளாயி, ஆண் மீனத் தொரத்திக்கினே கீது. நோவுன்னு எடுக்கப் போனா கையக் கொத்துது. தொட்டியில கவுத்துவெச்ச கொட்டாங்குச்சிக்குள்ள பாத்தா, ஊசிமுனையாட்டம் குஞ்சுங்க! காவல் காக்கும்போது அப்பிடித்தான் மஞ்சளாவுமாம், மீன் கடைக்காரரு சொன்னாரு.”

“பொண்ணையே கேக்கறதுதானே?”

“அவ கல்யாணத்துக்கு நான் போவல. போன் பண்ணா எடுக்க மாட்டா. இங்க இருந்தப்ப இந்தக் குஞ்சுக்கு ரெண்டு வருசம் காத்துக்கினு கெடந்தா. இப்ப வூட்ல நான் ஒருத்தன்தான் பாத்துக்கினு கீறேன்.”

பூக்காரம்மா சிரிப்பை நிறுத்தி, கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவர் இறங்கும் இடம் வந்தது.

“வாலாஜாபாத்துல அவ தெருவுலதானே பூ விக்கிற? குஞ்சு பொரிச்சிடுச்சின்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத.”

அவர் இறங்கியதும் கண்டக்டர் விசில் அடிக்க, பஸ் நகர்ந்தது. அவர் கூடவே ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

“அக்கா, நான்தான் சொன்னேன்னே சொல்லு!”