கோயில் முற்றத்து மண்

புதுக்குடியிருப்பில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் தனக்கு முன்னால் நின்றவளிடம் திடீரென்று சொன்னாள்:

"பக்கத்து ஊருக்குள்ள கடல் வந்ததுக்கு எங்கட ஊர்க் கோயில் பெருநாள்தான் காரணம், அக்கா."

அக்கா கையில் வெறும் மண்ணெண்ணெய்க் கானோடு அவள் பக்கம் திரும்பினாள். "என்ன பிள்ளை கதைக்கிறாய்?"

"ரெண்டு ஊரும் சேர்ந்து கரையில தாழை நட்டு வளர்த்த மண்மேடு இருந்ததெல்லோ? கடலுக்கு அதுதான் அணை. பெருநாளுக்கு மாதா கோயில் முற்றத்தில புதுமண் பரப்பிறது எங்கட வழக்கம். இந்தமுறை மண்ணுக்குத் தூரப் போக அலுப்புப்பட்டு, அந்த மேட்டை எங்கட பக்கத்தால வெட்டி அள்ளிப்போட்டம்."

"தாழையையுமோ?"

"ஓம். மாரிக்கு அந்த வெட்டினதுக்குள்ளாலதான் கடல் ஏறினது. எங்கட வீடுகள் உயரத்தில, தப்பியிட்டம். பள்ளத்தில இருக்கிற பக்கத்து ஊர்ச் சனத்தின்ர கிணறெல்லாம் இப்ப உப்பு."

"அவைக்குத் தெரியுமோ?"

"கடல்தான் மேட்டை இழுத்துக்கொண்டு போனது எண்டு நினைக்கினம். நேற்று வந்து, 'உங்கட பக்கத்துக்கும் நாங்களே தாழை கொண்டுவாறம், முந்தி மாதிரி எல்லாரும் சேர்ந்து நடுவம்' எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தேத்தண்ணி குடுத்தம்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. இருவரும் கான்களைக் காலால் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அந்த மண் எங்க இப்ப?" அக்கா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"கோயில் முற்றத்திலதான் கிடக்கு. பூசைக்கு முழந்தாளில நிண்டா ஒட்டுது. தட்டிப்போட்டு வீட்டுக்கு வாறம்."