டிஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

“பொட்ட எடுத்தப்புறந்தான் மேரி எனக்கு உயிரே வந்துச்சு!”

எண்பதுகளில் ஒரு நாள், மலேசியாவில் ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் கேட்ட பேச்சு இது. நான் பஸ் ஏறுகிற ஆள் இல்லை. தோட்டத்தில் ரப்பர் பால் சுமந்து, சொந்த லாரி வாங்கி நிமிர்ந்தவன். அன்று லாரி வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. சொன்னவள் லெட்சுமி, வக்கீல் ஆபிசில் டைப் அடிக்கிறவள்.

“பொட்டா? என்னடி உளர்ற?”

“தோட்டத்து ஆளுங்கள வீட்டக் காலி பண்ணச் சொல்றாங்கன்னு போட்ட கேஸ் இருக்குல்ல, அந்தப் பேப்பர் பூரா நேத்து கம்ப்யூட்டர் டிஸ்கெட்டுலருந்து தெரியாம அழிச்சிட்டேன். நாளைக்குக் கோர்ட்டு. பயந்துபோய் டிஸ்கெட்ட ஆபிஸ் சாமி மேடையில வச்சி, ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணு ஒட்டிட்டேன்.”

“அடிப்பாவி! டிஸ்கெட்டுக்கா?”

“மத்தியானம் கம்ப்யூட்டர் கடை சீன அண்ணே வந்து, அழிஞ்சத மீட்கிற புரோகிராம் போட்டாரு. மெஷின் ‘அனுமதி இல்ல’ன்னே சொல்லுது. டிஸ்கெட் ஓரத்துல சின்ன வெட்டு இருக்கும்லா, அத மூடுனா எழுத விடாதாம், மீட்கவும் விடாதாம். என் பொட்டு சரியா அது மேல!”

“எங்க மாதாகிட்ட வந்திருந்தா, பொட்டு இல்லாமலே முடிஞ்சிருக்கும்.”

“போடி! காலைல பாஸ் விஷயம் தெரியாம அதே டிஸ்கெட்டுல வேற லெட்டர் ஏத்தப் பாத்தாரு, ஏறல. ஏறியிருந்தா கேஸ் மேலயே எழுதியிருக்கும், திரும்பவே வந்திருக்காது. பொட்ட எடுத்தோம், முழுசா வந்துடுச்சு.”

“அந்தப் பொட்டு எங்க, குப்பையிலயா?”

லெட்சுமி திரும்பி நெற்றியைக் காட்டினாள்.

“கேஸ் முடியிற வரைக்கும் இங்கதான்லா.”