டேப்பின் மறுமுனை

ராத்திரி பதினொன்றே கால். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற ரோடு. ஏரிக்கரை தாண்டினால் ஒரு விளக்கு கிடையாது... கிட்ட வந்து உட்காருங்கள். என் போன் அடித்தால் அடிக்கட்டும், விடுங்கள்.

என் சிநேகிதன் தமிழரசனுடைய மாமா வரதன், ஊராட்சி செயலர். அன்றைக்குத் தனியாக பைக்கில் வந்தார். பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது செத்துப்போன பஞ்சாட்சரத்தின் படம். மறுநாள் படத்திறப்பு.

பஞ்சாட்சரம், வரதனுக்கு முன்னால் அதே வேலை பார்த்தவர். குடிசைக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே வரி என்றிருந்ததை மாற்ற, ஊரையே வீடு வீடாக அளந்த மனுஷன். டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரர் கையில்தான் கொடுப்பார். "நீயே புடி. நாளைக்கு நான் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது பாரு." அளந்ததும் வாசல் நிலைக்கு மேலே நீல சாக்பீஸில் எண். முதலில் அளந்தது தன் வீட்டை. அப்படி ஒருத்தர் இனி வரமாட்டார், இந்த இருட்டிலும் சொல்வேன்.

வரதன் என்ன செய்தார்? தன் வீட்டுக்கு மாடி எடுத்தார். பதிவேட்டில் இன்னும் ஓட்டு வீடுதான். அவர்தான் மறுநாள் மேடையில் பஞ்சாட்சரத்தைப் புகழ்ந்து பேச வேண்டும்.

சர்ர்ர்... டக்.

இரும்பு டேப் இழுத்து விடுகிற சத்தம். முதுகுக்குப் பின்னால்.

வண்டியை நிறுத்தினார். தவளைச் சத்தம் மட்டும். கிளப்பினார்... சர்ர்ர். சட்டைக் காலரில் கொக்கி மாட்டியது போல ஏதோ இழுத்தது. சாக்பீஸ் தூள் வாசனை.

வீடு வந்து படத்தை உள்ளே வைத்தார். மாடியில், டக். யாரும் இல்லாத மாடி. ஏறினார்... இருட்டில் உள்ளங்கையில் சில்லென்று ஒரு தகடு வந்து உட்கார்ந்தது. பிடித்துக்கொண்டு நின்றார், பிடிக்காமல் என்ன செய்வது? நாலு சுவரும் அளந்து முடிய விடிந்துவிட்டது.

காலையில் நிலைக்கு மேலே நீல எண்.

மேடையில் அவர் யாரையும் புகழவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று தன் வீட்டு அளவைப் படித்தார். "நான் கொறச்சி எழுதிக்கினேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அதோடு விட்டதா? வேண்டியவர்களுக்கென்று வரதன் குறைத்து எழுதிய வீடு இன்னும் ஐந்து. நாலு வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாக எண் வந்துவிட்டது. ஐந்தாவது... என் வீடு.

இன்றைக்குச் சாயங்காலம் பார்த்தேன், நிலைக்கு மேலே பழைய எண்ணை யாரோ துடைத்திருந்தார்கள். அதனால்தான் இன்றைக்கு உங்களோடு இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன். பயம்தான், வேறென்ன.

இந்தக் கதையை ஆரம்பிக்கும் முன் என் மனைவி பிரபா போன் செய்தாள். "யாரோ பெரியவரு வந்து வாசல்ல நின்னுக்கினு கீறாரு. வூட்டுக்காரருதான் வந்து புடிக்கணுமாம்."