டார்சியின் குடலும் ஆட்டு மருந்தும்

தலைமையேற்று வீற்றிருக்கும் வில்கூரா ஆடு வளர்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே, வெயிலைக் குடித்து வெட்டவெளியில் விளைந்த பெரியோர்களே, இன்றைய விருந்தை வறுத்தெடுத்து, தட்டுக் கழுவவும் காத்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் ஆட்டிறைச்சியைத் தொடாமல் இடது அடிவயிற்றைப் பிடித்து அமர்ந்திருக்கும் அண்டைப் பண்ணை கிளெம் அவர்களே, அனைவருக்கும் நோலீனின் வணக்கம்.

என்னைக் கம்பளி விலை பற்றிப் பேச அழைத்தார்கள். நான் பெருங்குடலைப் பற்றிப் பேசப் போகிறேன். சாப்பிட்டு முடித்தவர்கள் பாக்கியசாலிகள்.

சென்ற கம்பளிக் கத்தரிப்புப் பருவத்தில் என் கணவர் டார்சிக்கு இடது அடிவயிற்றில் வலி வந்தது, காய்ச்சல் வந்தது, குளிர் வந்தது. வராதது ஒன்றுதான்: டாக்டரிடம் போகும் எண்ணம்.

"அப்பெண்டிக்ஸைத்தான் சின்ன வயசுலயே எடுத்துட்டாங்களே. இனிமே உள்ள கெட்டுப்போக என்ன இருக்கு?" என்றார்.

மந்தை கொட்டகையில் அடைந்துவிட்டது. அந்த நேரத்தில் நம் ஊரில் எந்த ஆண்மகன் நோயுறுவான்? கொட்டகை ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஆட்டுக்குப் போடும் ஊசி மருந்தைத் தன் தொடையில் போட்டுக்கொண்டார்.

"அளவு சரியாத்தான் போட்டேன்," என்கிறார் டார்சி, முன்வரிசையிலிருந்து. சரிதான். ஆட்டின் எடைக்கு.

காய்ச்சல் தணிந்தது. வலி தணிந்ததுபோல் நடித்தது. பிறகு ஒரு காலை, வேலிக் கம்பத்தைப் பிடித்தபடி நிமிர முடியாமல் நின்றார். வயிறு பலகையாய் இறுகியிருந்தது.

"ஒரு ஆடு தீனி திங்காம, மந்தையை விட்டு விலகி, இப்படிக் கூனி நின்னா என்ன செய்வே டார்சி?"

"கால்நடை டாக்டரைக் கூப்பிடுவேன்."

"எப்போ?"

"உடனே. நல்ல ஆடா இருந்தா."

அவர் செத்துப்போவார் என்று பயந்தேன். வாதிடவில்லை. வண்டியை எடுத்தேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "வயசாக ஆக, குடல் சுவர்ல பலமில்லாத இடத்துல, பழைய டயர்ல ட்யூப் பிதுங்குற மாதிரி சின்னச் சின்னப் பை பிதுங்கும். நிறையப் பேருக்கு அது தொந்தரவே பண்றதில்ல. இவருக்கு ஒரு பை வீங்கி, ஓட்டை விழுந்து, பக்கத்துல சீழ் கட்டியிருக்கு. ஆட்டு மருந்து அதை மறைச்சு வச்சிருக்கு."

நரம்பில் மருந்து ஏற்றினார்கள். குழாய் செருகிச் சீழை வடித்தார்கள். தேறிய பிறகு, வேறு கட்டி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று குடலுக்குள் கேமரா விட்டும் பார்த்தார்கள். இல்லை. இன்று அவர் பருப்பும் ஓட்ஸும் உண்கிறார். விதை அந்தப் பைகளில் சிக்காது, தக்காளி விதையைப் பொறுக்கி எறிய வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், தக்காளியை ஒதுக்கும் சாக்கும் போயிற்று.

கத்தரிப்பு என்னவாயிற்றா? நீங்கள் வந்து முடித்தீர்கள். டார்சி இல்லாததால் சீக்கிரமே முடிந்தது.

பெருமக்களே, வறட்சிக்கு அஞ்சாதவர்கள் நாம், வெள்ளத்துக்கு அஞ்சாதவர்கள் நாம், காட்டுத்தீக்கும் அஞ்சாதவர்கள் நாம். டாக்டர் வீட்டு வாசலுக்கு மட்டும் ஏன் அஞ்சுகிறோம்? வலி விடாவிட்டால், காய்ச்சல் கூடினால், ரத்தம் போனால், ஆட்டுக்குத் தரும் மரியாதையை உங்கள் வயிற்றுக்கும் தாருங்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல நோலீன், வெறும் வாயு," என்கிறார் கிளெம். டார்சியும் அதைத்தான் சொன்னார். உங்கள் முகமெல்லாம் வியர்த்திருக்கிறது கிளெம். நாளை உங்கள் கொட்டகையில் கத்தரிப்பு என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொள்பவர்கள் கை தூக்குங்கள்.

திரும்பிப் பாருங்கள் கிளெம். தட்டுக் கழுவும் கைகள்கூட உயர்ந்திருக்கின்றன.

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி. என் வண்டி வாசலில் நிற்கிறது. வணக்கம் கூறி நான் விடைபெறுகிறேன். கிளெமும் விடைபெறுகிறார்.