பச்சைக் கொடி ஏறிய வியாழக்கிழமை

ஃபீனிக்ஸ் நகரத்தில் புழுதியைப் பற்றிப் புலம்புகிறவர்கள் பாலைவனத்துக்கு ஏன் குடிவந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாக இந்த வட்டாரத்தின் காற்றுத் திட்டத்தை எழுதுகிறவன் நான். கார்களும் லாரிகளும் எவ்வளவு புகை விடலாம், புதிதாக நெடுஞ்சாலை போடலாமா என்பதெல்லாம் என் தாள்களைப் பொறுத்தது. அந்தத் தாள்களோ, நகரத்தின் மேற்கே லாரிகள் நிற்கும் மண்தரைக்கு நடுவே காற்றிலுள்ள புழுதியை அளக்கும் ஒரு பெட்டியைப் பொறுத்தவை. மூன்று வருடத்தில் மூன்று நாள் காற்று கெட்டால் மன்னிப்பு உண்டு. நான்காவது நாளும் கெட்டால் திட்டம் செல்லாது, நெடுஞ்சாலை வேலை அப்படியே நின்றுவிடும். மூன்றையும் நாங்கள் எப்போதோ தீர்த்துவிட்டோம்.

ஆகவே, பலத்த காற்று வருமென்று தெரிந்த நாட்களில் டிரைவர் செசாரியோவைத் தண்ணீர் லாரியோடு அனுப்புவேன். பெட்டியைச் சுற்றி மட்டும் புழுதி கிளம்பாதபடி நனைத்துவிட்டு வருவான்.

“பாஸ், பள்ளிக்கூடத்துப் பக்கமும் ஒரு ரவுண்டு விட்டுட்டு வரட்டுமா? லாரிங்க அங்கதான் புழுதியக் கெளப்பிட்டுப் போகுது,” என்று ஒருமுறை கேட்டான்.

“அங்க பெட்டி இல்லையேப்பா,” என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தப் பள்ளியில் தினமும் காலையில் காற்றுக்கென்று ஒரு கொடி ஏற்றுவார்கள். பச்சை என்றால் பிள்ளைகள் வெளியே விளையாடலாம். சிவப்பு என்றால் வகுப்பை விட்டு வெளியே வரக்கூடாது. என் பெட்டி காட்டும் எண்தான் நிறத்தைச் சொல்லும். அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அங்கிருந்து நர்ஸ் பெர்ல் போன் செய்தார்.

“சார், எதிர்ல இருக்கற கட்டடமே தெரியல. உங்க மெஷின் என்னடான்னா பச்சைங்குது. பசங்கள வெளிய விடவா, வேணாமா?”

“மெஷினுக்கு நம்மளவிட நல்லாவே கண்ணு தெரியும் மேடம்.”

பச்சை ஏறியது. நயெலி என்று ஒன்பது வயதுச் சிறுமி, ஆஸ்துமாக்காரி, மைதானத்தை இரண்டு சுற்று ஓடினாள். மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கும் வருத்தம்தான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுவாரம் அவளுடைய அம்மா ரோசால்வா, சலவைக்கடைச் சீருடையோடு என் அலுவலகத்துக்கு வந்தாள்.

“அவளோட ஆஸ்துமா பம்ப்ப பையில வெக்க மறந்துட்டேன் சார். சமையல்கட்டு மேசையிலயே கெடந்துச்சு. அவங்கப்பா என் மொகத்துலயே முழிக்க மாட்டேங்கறாரு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்குக் காத்து மோசமா இருந்துச்சா? ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா எப்படியாவது பொழச்சுக் கெடப்பேன்.”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதுதான் நான்காவது நாள். அன்றைய தாளை எடுத்து எண்ணைத் தொட்டுக் காட்டினேன். நாற்பத்தொன்று, பச்சை. அவளுக்குப் புரிகிற மாதிரி நிதானமாக விளக்கினேன். முத்திரை குத்தி ஒரு பிரதியும் கொடுத்தேன்.

“அப்ப நான்தான்,” என்றாள். வாசல்வரை போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

அன்றும் தண்ணீர் லாரியை அனுப்பியது நான்தான். பெட்டி ஈர மண்ணிலும் பிள்ளைகள் காய்ந்த மண்ணிலும் இருந்தது தெரிந்தேதான் பச்சை ஏற்றச் சொன்னேன். எல்லாவற்றையும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த அம்மாவிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். தாளில் இருந்ததைத்தான் காட்டினேன்.